சுண்டுவிரல்

முதல் நாள்
வருகைக் கருவி என் கட்டைவிரலை ஒத்துக்கொள்ளவில்லை.
துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன்.
சிவப்பு.
"ஆளே இல்லைங்குது" என்றார் ஸ்டோர் திம்மராஜ்.
ஏழு பருவம் புளியில் கொட்டை எடுத்த விரல்,
கிலோவுக்கு இவ்வளவு என்று.
ரேகையைப் புளி தின்றுவிட்டது.
ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல் என்று போய்க்
கடைசியில் இடது சுண்டுவிரலுக்குப் பச்சை எரிந்தது.
ஓசூரில், பதினான்கு மாடி எழும்பும் இடத்தில்
நான் இருக்கிறேன் என்பதற்கு
அது ஒன்றுதான் சாட்சி.

மாதேஸ்வரி, வயது இருபது,
தொழில் பழகுநர், குழாய்ப் பிரிவு.
ஓராண்டு ஒப்பந்தம்.
மாதம் ஒன்பதாயிரத்து அறுநூறு.
பாப்பாரப்பட்டியிலிருந்து அம்மா போனில் மூன்று தரம் கேட்டாள்:
"கத்துக்கறதுக்கு நாமதான கட்டணும்?
அவங்க எதுக்குத் தராங்க?
பின்னாடிப் பக்கத்தையும் படிச்சியா?"
படித்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை.
அதைச் சொன்னதும் இன்னும் பயந்துவிட்டாள்.

குழாயை நேராக அறு. பிசிறைச் சுரண்டு.
பசை தடவிச் செருகு. கால் சுற்றுத் திருப்பு.
முப்பது எண்ணும் வரை விடாதே.
பதினொன்றாம் மாடியில் குழாய்கள் ஏறும் சந்துக்குள்
நான்கு மொழிகளில் முப்பது எண்ணுவோம்.
பிகாஷ் ஒடியாவில்.
அவன் எட்டு வருடமாக எண்ணுகிறான்;
ஒப்பந்தம் கிடையாது, நாள் கூலி.
என்னைவிட மூன்று மடங்கு வேகம்.
"உன் சான்றிதழ் வந்தால் காட்டு,
எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன்" என்றான்.
கேலியா என்று இன்றுவரை தெரியவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் அழுத்தச் சோதனை.
வாய்களையெல்லாம் அடைத்துத் தண்ணீர் ஏற்றி
முள்ளைப் பத்தில் நிறுத்திவிட்டுப் போனோம்.
காலையில் முள் ஆறில் இருந்தது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஒன்பதாம் மாடியில் நான் போட்ட இணைப்புகள் இருபத்தாறு.
வெளிச்சம் இல்லை. ஒவ்வொன்றாகத் தடவினேன்.
பதினெட்டாவதின் அடியில்
கருவி மறுத்த அதே கட்டைவிரலுக்கு
ஈரம் தெரிந்தது.

நினைவு வந்தது.
அன்று இருபத்திரண்டு எண்ணும்போது
யாரோ டீ என்று கூப்பிட்டார்கள்.

ஒட்டியதைப் பிரிக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும்.
அறுத்த துண்டை வீசாமல் பைக்குள் போட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
மறுநாள் முள் பத்திலேயே இருந்தது.
அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
திம்மராஜ் மட்டும் இரண்டு புது பிளேடு கொடுத்துக்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பணம் ஏறிய குறுஞ்செய்தி
ராயக்கோட்டை தாண்டும்போது வந்தது, பேருந்தில்.
எண்ணை இரண்டு முறை படித்தேன்.
பக்கத்தில் தக்காளிக் கூடையோடு இருந்தவர்
"எதாவது கெட்ட சேதியாம்மா?" என்றார்.

வீட்டில் பையிலிருந்து டேப்பை எடுத்து
தெருக்குழாயிலிருந்து வாசல் வரை இழுத்தேன்.
பத்தொன்பது மீட்டர்.
இரண்டு எல்போ, ஒரு டீ, ஒரு வால்வு.
எதிர்வீட்டு மஞ்சுளா பல்லைக் கையால் மூடிச் சிரித்தாள்.
எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சிரிப்போம்,
ஆழ்துளைத் தண்ணீர் கொடுத்த பழுப்பு.
அம்மா டேப்பின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு
விலையைக் கேட்டாள். சொன்னேன்.
"குழா நீ போட்டுருவ" என்றாள்.
"எட்டு நாளுக்கு ஒருக்கா வர்ற தண்ணிய
நாலு நாளாக்க
எந்த ஆபீசுல, எந்த விரல வெக்கணும்?"

டேப் சரேலென்று சுருண்டு என் கைக்குள் வந்தது.
சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்,
தரையிலிருந்து மூன்றடி.
வால்வு இங்கே.