உவள்

தலைப்பைக் கேட்ட மேற்பார்வையாளர்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார்.
வெளிநாட்டுத் தொடர். அதில் காதலிக்கும் இரண்டு பெண்கள்.
அவர்களை வைத்து ரசிகைகள் எழுதும் கதைகள்.
"இதுக்கும் வன்னிக்கும் என்ன பிள்ளை தொடர்பு?
மீள்குடியேற்றத்தில ஏதும் பார்க்கலாமே,
காசும் தருவாங்கள்."

தொடரின் கடைசிப் பகுதியில்
கப்பல் வைத்தியர் ஆய்லின் குண்டுபட்டுச் சாகிறாள்.
ஒரு நிமிடமும் ஆகாது.
மாலுமி மிரேனாவுக்கு அழக்கூட நேரம் கொடுக்காமல்
எழுத்துகள் ஓடத் தொடங்கிவிடும்.

அன்றிரவே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.
என் அட்டவணையில் இதுவரை இருநூற்றுப் பதினாறு கதைகள்.
இருநூற்றுப் பதினாறிலும் ஆய்லின் உயிரோடு.
குண்டு தோளில் பட்டது. குண்டு கதவில் பட்டது.
குண்டே இல்லை, கனவு.
ஒருத்தி எழுதியிருந்தாள்: துவக்கு வெடிக்கவில்லை, ஈரம்.
கதைக்கு மேலே, மருந்துப் போத்தலில் ஒட்டியதுபோல ஒரு குறிப்பு:
இதில் ஒருவரும் சாகமாட்டார்கள்.

தமிழில் எழுதப்பட்டவை ஒன்பது.
ஒன்பதும் ஒரே புனைபெயரில்: நீர்முள்ளி.

நீர்முள்ளியிடம் கப்பல் இல்லை.
மிரேனா ஆடைத் தொழிற்சாலையில் கொலர் தைக்கிறாள்.
முறிகண்டியில் பஸ் நிற்கும்போது ஆய்லின் கச்சான் வாங்கி
கோதை யன்னலால் எறியாமல் மடியில் சேர்க்கிறாள்.
இரணைமடுக் கட்டில் இருவரும் நடக்கிறார்கள்.
நுளம்பு கடிக்கிறது.
நாற்பது பக்கத்தில் ஒரேயொரு முத்தம்,
அதிலும் பாதியைத் துருசுத் தண்ணீரின் இரைச்சல் கொண்டுபோகிறது.

ஆனால் நான் அவளைத் தேடியது வேறொன்றுக்காக.

ஆணும் பெண்ணும் என்றால் சிக்கலில்லை.
அவன் அவளுடைய கையைப் பிடித்தான். முடிந்தது.
அவள் அவளுடைய கையைப் பிடித்தாள் என்றால்
எவள், எவளுடைய கையை?
தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறாளா?
ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதோடு மல்லுக்கட்டி
மயிரின் நிறத்தைச் சொல்லித் தப்புகிறார்கள்.
நீர்முள்ளி எழுதுகிறாள்:
அவள் உவளுடைய கையைப் பிடித்தாள்.

உவள்.
நாங்கள் முகத்தைச் சுளித்துச் சொல்லும் சொல்.
உவளுக்கு என்ன வந்தது, உவளை ஆர் கூப்பிட்டது.
இவள் என் பக்கத்தில். அவள் எங்கேயோ.
உவள், கேட்டுக்கொண்டிருக்கும் உனக்குப் பக்கத்தில்.

மூன்று மாதம் கேட்டபின் ஒரு ஞாயிறு சம்மதித்தாள்.
அறிவியல்நகர், தேத்தண்ணிக் கடை.
குடையை மடக்காமலே சொன்னாள்:
"என்ர பேர் வேண்டாம். முதலெழுத்தும் வேண்டாம்.
குளம் இருக்கிற ஊர் எண்டு போடுங்கோ.
எத்தினை குளம் கிடக்கு."

கேள்வி நான்கு: ஏன் எழுதுகிறீர்கள்?
"தொடர்காரர் பிழையா முடிச்சிட்டினம்."
வேறு காரணம்?
"வேற காரணம் வேணுமோ?"

போர், இழப்பு, ஈடு என்று
குறிப்பேட்டில் பென்சிலால் முன்னமே எழுதி வைத்திருந்தேன்.
அவள் பார்த்துவிட்டாள்.
"உதை நீங்கள்தான் சொல்லுறியள்," என்றாள்,
கோபமில்லாமல், வடையைப் பிய்த்தபடி.

ஆய்வாளருக்கும் பங்கேற்பாளருக்கும் உள்ள உறவு
என்று ஒழுக்கவியல் படிவத்தில் ஒரு கோடு.
'இல்லை' என்று நிரப்பினேன்.
இருநூற்றுப் பதினாறில் இரண்டு
நான் எழுதியவையா என்று படிவம் கேட்கவில்லை.
ஆங்கிலத்தில் எழுதினேன்.
தமிழில் எழுதத் துணிவு வரவில்லை.

புதன்கிழமை நீர்முள்ளியின் பத்தாவது கதை வந்தது.
தேத்தண்ணிக் கடைக்குக் கோப்போடு ஒருத்தி வருகிறாள்.
நிறையக் கேட்கிறாள், சீனி போட மறக்கிறாள்.
"உவள் ஆர்?" என்கிறாள் மிரேனா.
"தெரியேல்ல. கனநேரமா எங்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்."
பிறகு மழை.
உவளுக்கும் ஒரு கதிரை இழுத்துப் போடுகிறார்கள்.

இருநூற்றுப் பதினேழு.
இதை எந்த நிரலில் போடுவதென்று
மேற்பார்வையாளரிடம் கேட்க முடியாது.