ஒன்றரை இன்ச்

"போருக்கா, பாத்ரூமுக்கா?"
என்று கேட்டார் முனிரத்தினம், பைப் கடையில்.
கடலுக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு
"எத்தனை லிட்டர்?" என்றார்.
அந்தக் கேள்விக்காகவே அவரிடம் வாங்கலாம்.

நானூறு லிட்டர். நாலடிக் கண்ணாடி.
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை, முதல் மாடி.
வீடு வாடகை, கடல் சொந்தம்.
மேலே வழிவது கீழே அலமாரித் தொட்டிக்கு இறங்கி
அழுக்கை விட்டுவிட்டு
பம்ப் ஏறித் திரும்ப வேண்டும்.

பம்ப் பெட்டியில் மணிக்கு மூவாயிரம் என்று போட்டிருக்கிறது.
ஐந்தடி ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கும்.
வாளி வைத்து, செல்போனில் நொடி பார்த்து அளந்தேன்:
இரண்டாயிரத்துச் சொச்சம்.
ஏறும் தண்ணீருக்காவது மின்சாரம் இருக்கிறது.
இறங்கும் தண்ணீருக்குத் தன் எடையைத் தவிர
ஒரு துணையும் இல்லை.

"ஒரு இன்ச் போதும்மா, தாராளமா போகும்."
போகும்.
காற்றை விழுங்கி விழுங்கி
விடிய விடியக் கொடகொடத்துப் போகும்.

இரண்டு துண்டுகளை எடுத்து
ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் வைத்து ரோட்டைப் பார்த்தேன்.
ஒரு இன்ச்சில் டவுன் பஸ்ஸின் பாதி.
ஒன்றரையில் முழு பஸ்,
அதை முட்டுவதுபோல் நின்ற மாங்காய் லோடு,
லோடின் மேல் தூங்கும் ஆள்.
கூடியது அரை இன்ச்தான்; வழி இரண்டேகால் மடங்கு.
வட்டத்தின் இந்தக் கணக்கைப் பள்ளியில்
மனப்பாடம் செய்தேன், நம்பியதில்லை.

பகலில் எனக்கு மாங்கூழ் ஆலையில் வேலை.
கருவியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்து
பெங்களூராவின் இனிப்பைப் படிப்பேன்.
ராத்திரி வேறொரு கருவியில் உப்பைப் படிப்பேன்.
ஒருநாள் இரண்டையும் மாற்றி எடுத்துப் போனதில்
ஒரு டிரம் கூழ் உப்புக்கணக்கில் பதிவானது.
சூப்பர்வைசர் அதை இன்னும் மறக்கவில்லை.

பைப்பை மாற்றலாம். கண்ணாடியில் துளை ஒரே தடவை.
கிரானைட் பட்டறை இம்தியாஸ் வைர பிட்டோடு வந்தார்,
களிமண்ணால் வளையம் கட்டித் தண்ணீர் ஊற்றினார்.
"கல்லுன்னா அதட்டலாம்.
கண்ணாடிய கெஞ்சணும்."
அரை மணி நேரம் கெஞ்சினார்.
இரண்டாவது துளைக்குக் குறி போட்டபோது
"இது எதுக்கு?"
சும்மா இருக்க.
"சும்மா இருக்கவா ஒன்றரை?"
ஆமாம். அதற்குத்தான் கட்டாயம் ஒன்றரை.

முதல் குழாய் நிறைந்து, காற்றில்லாமல்,
கேட் வால்வின் கால் திருப்பில் அடங்கி ஓடும்.
இரண்டாவது ஒரு விரல் உயரத்தில்
காய்ந்த வாயோடு நிற்கும்.
மூன்று மாதம் நின்றது.

கார்த்திகையில் ஒரு ராத்திரி, மணி இரண்டு.
நத்தை ஒன்று (என் தம்பி அதற்குத்
தாசில்தார் என்று பேர் வைத்திருந்தான்)
முதல் குழாயின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது.
தண்ணீர் விரலளவு ஏறியது.
காய்ந்த குழாய் ஊரைக் கூட்டியது.

கீழ்வீட்டு வெங்கடம்மா டார்ச்சோடு மேலேறி வந்தார்.
தரை காய்ந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தார்.
பிறகு நீல வெளிச்சத்தில்
மூடித் தூங்கும் பவளங்களை.
"எந்த ஊர் தண்ணி இது?"
நம்ம போர் தண்ணிதான்.
பல்லைக் காவியாக்கும் அதே தண்ணி.
வடிகட்டி, உப்பு போட்டேன்.

தாசில்தாரைத் தூக்கி மணலில் விட்டேன்.
கொடகொடப்பு இளைத்து, விக்கி, நின்றது.
"நின்னுபோச்சா?"
ஓடுது.
"சத்தமே காணோம்?"

கையைப் பிடித்து ஒன்றரை இன்ச்சின் மேல் வைத்தேன்.
டார்ச்சை அணைத்தார்.
ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.