இரண்டு வளையங்கள்

மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாத்தரின் கரிப்புகை
உதிரிபாகச் சந்தையின் கன்டெய்னர்களுக்கு மேல்
நகராமல் நிற்கிறது.
நான் ஆயில் ஃபில்டர் ஒன்றை அறுக்கப் போகிறேன்.
தகர டப்பா திறப்பது போலத்தான்,
கத்திச் சக்கரத்தை விளிம்பில் பதித்து
சுற்று, இறுக்கு, சுற்று.
உள்ளே இருப்பவன் யாரென்று
மேலே அடித்த வண்ணம் சொல்வதில்லை.

ஆரஞ்சு என்றால் உள்ளே அட்டை மூடி, என்பார்கள்.
வெள்ளை என்றால் ஜப்பான்காரன் கை.
பெயரே இல்லாமல் கறுப்பில் வருவது
எல்லை தாண்டி ரயிலேறி வந்தது,
தொடாதே.
சொல்பவர்களில் பாதிப்பேர்
ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.
நானும் பார்க்காமல்தான் சொன்னேன்.

அக்டோபரில்
லுவ்சன்தக்வாவின் பழைய பிரியஸ்
தர்கான் சாலையில், ஊர் தாண்டிப் பதினேழாவது கிலோமீட்டரில்,
எண்ணெயெல்லாம் கக்கி நின்றது.
இஞ்சின் பிடித்துக்கொண்டது.
முந்தின நாள் நான் மாட்டிய ஃபில்டர்.
கறுப்பு.
சோத்னொம்பில் கடையில் வாங்கியது,
அசல் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.
சுற்றிலும் கூட்டம், எல்லார் கண்ணும் என் கைமேல்.
"ஃபில்டர்" என்றேன்,
கழற்றாமலே.
மீதியைச் சந்தை பேசிக்கொண்டது.
சாயங்காலத்துக்குள் அது வெடித்ததாக ஆயிற்று.
மறுநாள் மூன்று கார்.
வாரக்கடைசியில் ஒரு பேருந்து.

சோத்னொம்பில் சண்டைக்கு வரவில்லை.
நாற்பத்தாறு கிடந்தன அவனிடம்.
பாதி விலை என்று அட்டையில் எழுதி வைத்தான்.
பிறகு அந்த அட்டையையும் எடுத்துவிட்டான்.

இன்று பிரியஸ் இஞ்சின் பழைய இரும்புக்குப் போகிறது.
லாரி வருமுன்,
எதற்கென்று தெரியவில்லை,
டார்ச் சூட்டில் இளக்கி அந்த ஃபில்டரைக் கழற்றினேன்.

வாயில் அதன் ரப்பர் வளையம்.
அதன்மேல் ஒட்டிக்கொண்டு
இன்னொரு வளையம்.
தட்டையாக, வெடிப்போடியது,
முன்பிருந்த ஃபில்டருடையது.
இஞ்சினிலேயே ஒட்டி நின்றிருக்கிறது.
விரலால் ஒரு தடவு தடவியிருந்தால்
கைக்கு வந்திருக்கும்.
கையுறை போட்டிருந்தேன்.
அன்று என்ன அவசரம் என்று யோசிக்கிறேன்.
அவசரம் ஒன்றும் இல்லை.

அறுத்தேன்.
மடிப்புகளை விரித்து எண்ணினேன்: ஐம்பத்து நான்கு.
பசை எங்கும் விடவில்லை.
எண்ணெய் பின்வாங்காமல் தடுக்கும் வால்வு
இந்தக் குளிரிலும் வளைகிறது.
ஸ்பிரிங்கை அழுத்தினால் திருப்பி அழுத்துகிறது.
ஒப்பிட, ஓடி முடிந்த ஓர் ஆரஞ்சையும் அறுத்தேன்.
அட்டை மூடிதான், ஆமாம்.
அட்டை கெட்டி.

உலைவாயை மூடலாம் என்பார்கள்.
ஊர்வாய்க்கோ பைபாஸ் வால்வு வைத்தே படைத்திருக்கிறான்.
அடைப்பு வந்தால்
வடிகட்டாமலே பாயும்.

இரண்டு வளையங்களையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சோத்னொம்பில் கடைக்குப் போனேன்.
உப்புப் போட்ட பால்தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.
மேஜையில் வைத்தேன்.
பார்த்தான்.
எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினான்.

"மிச்சத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.
"மிச்சம் ஏது?
வெள்ளைப் பெயின்ட் ஒரு டின், அவ்வளவுதான் செலவு.
நல்ல சரக்கு என்று திரும்பி வந்து கேட்கிறார்கள்.
நீகூட நான்கு வாங்கினாய்."

என் வண்டி வெளியே நிற்கிறது.
விடியற்காலையில் ஒரே சாவியில் பிடித்தது.
கடகடவென்ற சத்தம்கூட இல்லை.
போன மாதம் யாரிடமோ சொன்னேன்,
வெள்ளை என்றால் வெள்ளைதான் என்று.

அவனைத் திட்டுவதா, சிரிப்பதா?
தேநீர் ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது.
"லுவ்சன்தக்வாவிடம் சொன்னாயா?"
இல்லை.
"அவன்தானே இஞ்சின் இழந்தவன்."

அவன் இப்போது மச்சானின் வண்டியை
ராத்திரியில் வாடகைக்கு ஓட்டுகிறான்.
மலைச்சரிவில் வீடு.
ஏறிப் போகிறேன்,
பையில் வளையங்கள் குளிரில் விறைத்து
ஒன்றோடொன்று உரசுகின்றன.
ஜன்னலில் விளக்கு.
ஒரு இஞ்சின் என்ன விலை என்று கணக்குப் போட்டபடியே
கையுறையைக் கழற்றுகிறேன்,
கதவைத் தட்ட.