கொடுவாவுக்கு ஒரு கட்டை

புயலுக்கு மூன்றாம் நாள்
நெட்டுக்குப்பத்து முகத்துவாரத்தில்
ஒற்றைச் செருப்புகளோடும் தெர்மகோலோடும்
ஒதுங்கிக் கிடந்தது.
என்ன மரமென்று எனக்குத் தெரியாது.
தேசப்பன் புங்கம் என்றான்.
ஏகவல்லி மோந்து பார்த்து
"டீசல் மரம்" என்றாள்.

ஷேர் ஆட்டோக்காரன் ஏற்றமாட்டேன் என்றான்.
பொணம் மாதிரி இருக்குதாம்.
இரண்டு சீட்டுக்குக் காசு கொடுத்து
மடியில் கிடத்திக்கொண்டு
காசிமேடு வந்து சேர்ந்தேன்.

கேட்டவர் வரதராஜுலு.
தண்டையார்பேட்டை, கிளியரிங் ஏஜென்ட்.
தூண்டில் வளைவுக் கல்லின்மேல் நின்று
பதினான்கு கிலோ கொடுவா பிடித்தவர்.
ஆபீஸ் சுவரில், அவர் நாற்காலிக்கு மேலே,
அது துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.
கீழே கடல் தின்ற கட்டை ஒன்று.
"நேச்சுரலா இருக்கணும், பார்த்துக்க."

நேச்சுரலாக்குவது லேசில்லை.
முதலில் இரும்பு பிரஷ்.
கொட்டலசு பெயரப் பெயர
ஒவ்வொன்றும் ஒரு வட்டம் விட்டுப் போகும்,
சூடான டம்ளர் வைத்த மேசை போல.
தார் உருண்டைக்கு மண்ணெண்ணெய்.
புழு துளைத்த ஓட்டைகளில் சைக்கிள் கம்பி;
குத்தக் குத்த
அனல் மின் நிலையத்துச் சாம்பல்
கோலமாவாய்க் கொட்டியது.

பிறகு உப்பு இறக்க வேண்டும்.
நீல டிரம்மில் முக்கி
மிதக்காமலிருக்க ஆட்டுக்கல்லை ஏற்றினேன்.
நல்ல தண்ணீர்தான் ஆகும்.
எங்கள் போர் தண்ணீர்
கட்டையைவிடக் கரிக்கும்.

லாரி வந்த அன்று
என் குடங்களை எண்ணிவிட்டு
ஏகவல்லி கத்தினாள்:
"குடிக்க நாலு குடத்துக்கு அடிச்சிக்கிறோம்,
கட்டையைக் குளிப்பாட்ட உனக்கு ஆறா?"
அவள் சொன்ன விதத்தில்
வரிசை ஒரு நொடி பேச்சை நிறுத்தியது.
யார் வீட்டில் என்று
பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

தினமும் தண்ணீர் மாற்றி
விரல் நனைத்து நாக்கில் வைப்பேன்.
முதல் நாள் கடல்.
மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு.
ஐந்தாம் நாள் வேர்வை.
ஒன்பதாம் நாள் ஒன்றும் தெரியவில்லை,
அல்லது நாக்கு பழகிவிட்டது.

நிழலில் ஒரு மாதம் காய்ந்தது.
அதற்குள் மீனை முடித்தேன்.
மீனும் நான்தான்.
நிஜக் கொடுவா அன்றிரவே
மூன்று மாடிக்கும் வறுவலாகப் போயிற்று,
தலை மச்சான் வீட்டுக்கு.
என்னிடம் வந்தது
போனில் ஒரு படம், டேப்பில் நாற்பது அங்குலம்.
படகுக்கு ஒட்டுப் போடும் அதே ரெசின், அதே பாய்.
கண் கூரியரில் வந்தது, ஜோடியாக;
இரண்டுமே இடது கண்.
பரவாயில்லை, ஒரு பக்கம் சுவர்தானே.

இரண்டு போல்ட்.
பளபளப்பு வேண்டாமென்று
எண்ணெய் மட்டும் தேய்த்து மாட்டிவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் போன் வந்தது.
"கட்டையில வெள்ளையாப் பூக்குதுப்பா."

ஈரத்துணியோடு போனேன்.
ஏசி குளிரில், மீன் வாய்க்கு நேர் கீழே,
நகத்தளவு வெள்ளை.
தொட்டு நாக்கில் வைத்தேன்.
"உப்பு சார்."

அவர் நாற்காலியைத் திருப்பி
வெகுநேரம் மேலே பார்த்தார்.
எலும்பு வரைக்கும் சப்பித் தின்றவர்.

"மீன்லேர்ந்து இறங்குதோ?"

"இருக்கும் சார்" என்று
துணியைத் தூக்கினேன்.

"துடைக்காத" என்றார்.