பிஸ்கட்

முகத்துவாரத்தில், மீன்பெட்டிகளுக்குப் பின்னால்,
நைலோன் கயிறு கழுத்துத் தோலில் புதைந்து நின்றது.
காலிமுகத்திடலில் பிள்ளைகளைச் சுமந்ததாம். பெயர் பிஸ்கட்.
"இருபத்திரண்டு வயசு. இதை வச்சு என்ன செய்யப்போறீங்க மிஸ்?"
விற்றவன் கேட்டான், காசை எண்ணியபடி.

பல் பாதி இல்லை.
ஊறவைத்த தவிடு ஒரு வாளி
தின்று முடிக்க ஒன்றரை மணித்தியாலம்.
குளம்பு சீவ வந்த ரிஸ்மி
முதல் நாள் ஒரு காலோடு நிறுத்திக்கொண்டார்:
"மிச்சம் நாளைக்கு. அதுக்கும் களைப்பு, எனக்கும்."

மூன்றாம் மாதம் விலா எலும்புகளை எண்ணினேன்.
ஏழில் கணக்குத் தவறியது.
சிரித்துவிட்டேன்.

ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை.
என் மகள் கிட்டப் போனால்
அசையாமல் நிற்கும்,
முதுகைக் கொஞ்சம் தாழ்த்தி.

ஏறாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.
இனி யாரும் ஏறமாட்டார்கள் என்று
அதனிடம் எப்படிச் சொல்வது?