ஐந்தாவது முறை

ஏழாம் மாதம் முழுக்க லிஃப்ட் ஓடவில்லை.
அரபியிலும் மலையாளத்திலும் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்.
எனக்கு இரண்டும் வாசிக்க வராது.
மூன்று மாடி ஏறி இறங்கி
வயிறுதான் வாசித்துச் சொன்னது.

ரூவியில் ஜூலை.
குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் கொதிக்கும்.
கீசரை நிறுத்திவிட்டு
அதற்குள் ஆறிய தண்ணீரில்தான் குளிக்க வேண்டும்.
அப்படி ஒரு விடிகாலை குளிக்கையில்
நான் மொள்ளாத தண்ணீர் ஒன்று
தொடைவழி இறங்கியது.

செல்வின் சோஹாரில், நைட் ஷிஃப்டில்.
டாக்ஸிக்காரர் கண்ணாடியில் ஒருமுறையும்
என்னைப் பார்க்காமல் ஓட்டினார்.
நனைந்த சீட்டைத் துடைக்கக் குனிந்தபோது
“கலாஸ், கலாஸ்” என்று
கதவைத் திறந்து பிடித்தார்.
காசு வாங்கவில்லை.

பிரசவ அறையில் ஆளாளுக்கு எண்ணினார்கள்.
பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஆங்கிலத்தில்,
ஓமானி மருத்துவச்சி அரபியில்.
நான் எந்த மொழியிலும் இல்லாத எண்ணில் இருந்தேன்.
“அம்மா” என்று கத்துவேன் என நினைத்திருந்தேன்.
“செல்வின், நாயே” என்றுதான் வந்தது.
நல்லவேளை, யாருக்கும் தமிழ் தெரியாது.
மறுநாள் வார்டில் மாப் போட வந்தவள் மட்டும்
சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்:
“நேத்து கத்தினது நீங்கதானே?
எனக்கு மட்டக்களப்பு.”

மகளின் காலில் ஒரு பிளாஸ்டிக் பட்டை:
பேபி ஆஃப் பெனிட்டா.
அவ்வளவுதான் அப்போது அவள்.

மூன்றாம் நாள் பால் கட்டியது.
அக்குள்வரை கல்.
போர்வை பட்டாலே உயிர் போனது.
மகளோ வாய் வைப்பாள், வழுக்குவாள், தூங்குவாள்.
காம்பு வெடித்து
பாலில் இளஞ்சிவப்பு ஓடியது.
தாய்மை என்று சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள்;
அதில் இருந்தவள் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.
அவளைத் திருப்பி வைக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் அஃப்ராஹ்.
ஏமனில் முகல்லாக்காரி.
ரத்தம் நிறையப் போய்
வெளுத்துக் கிடந்தாள். பால் சுரக்கவில்லை.
அவள் பையன் புட்டிப்பாலைத் துப்பித் துப்பி
இரவெல்லாம் அழுதான்.
அவன் அழ அழ என் நைட்டி நனைந்தது.
என் உடம்புக்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டு மணிக்குத் திரை விலகியது.
என் நைட்டியைப் பார்த்தாள்.
பையனைப் பார்த்தாள்.
பிறகு புருஷனிடம் போனில் நெடுநேரம் பேசினாள்.
உடைந்த ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள்:
எங்களில் ஒரு கணக்கு உண்டு.
ஐந்து முறை வயிறு நிறையக் குடித்தால்
இவன் உன் மகன்.
உன் மகளைக் கட்ட முடியாது, எப்போதும்.

நான் சிரித்துவிட்டேன்.
தையலில் வலித்தது.

இடது பக்கம் கொடுத்தேன்.
ஸாலிம் என்னை ஒரு வேலையைப் போலச் செய்தான்,
மூச்சு வாங்கி, முஷ்டி மடக்கி.
கல் கரைந்தது.
அவன் இளக்கிய மார்பில்
விடியும்போது என் மகள் முதல்முறை
சரியாகப் பிடித்தாள்.

ஒன்று. இரண்டு.
அஃப்ராஹ் விரல் மடக்கினாள்.
மூன்று. நான்கு.

நான்காம் முறைக்குப் பிறகு அவளுக்கே பால் வந்துவிட்டது.
பையன் அவளிடம் குடித்து ஏப்பம் விட்டான்.
எனக்கு டிஸ்சார்ஜ்.
செல்வின் கீழே, காரில் ஏசியைப் போட்டுக் காத்திருந்தான்.
நான்கு என்றால் அது ஒரு உதவி.
நன்றி சொல்லி, போன் நம்பர் வாங்கி,
போய்விடலாம்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நீட்டியிருந்த கட்டைவிரலை மட்டும்
மடக்காமல் வைத்திருந்தாள்.

நான் பையைக் கீழே வைத்தேன்.
பசியே இல்லாதவன்
நிதானமாக, பாதிக் கண்ணில்,
தானாக வாயை விடும்வரை குடித்தான்.

இன்று டைப்பிங் சென்டரில்
மகளின் விசாவுக்குக் காத்திருக்கிறேன்.
பெயர் வந்துவிட்டது, பாஸ்போர்ட் வந்துவிட்டது,
நீலப் பின்னணியில் கண்மூடிய போட்டோ வந்துவிட்டது.
“வேற பிள்ளைங்க உண்டா?” என்கிறான் கவுண்டரில் இருப்பவன்,
விரல் விசைமேல்.
வரிசையின் கடைசியில் யாருடையதோ ஒன்று
வீறிடுகிறது.

துப்பட்டாவை
இடது பக்கம் இழுத்து விட்டுக்கொள்கிறேன்.