இடது கால்

அமுங்கினால் எழுவதற்கு யோசிக்கிறது,
பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்துகிறது,
சின்னப் பள்ளத்துக்கே டொக்கென்கிறது
என்றார் யெர்னெய்.
தார்ச்சாலையை விட்டு நான் இறங்கவே இல்லை
என்றும் சொன்னார்.

எல்லோரும் சொல்வதுதான்.
ஹெல்லாவில் ஆறு கோடையாக
வாடகை வண்டிகளைத் திரும்ப வாங்குகிறவள் நான்.
ஆற்றில் இறக்கினால் காப்பீடு கிடையாது
என்று கதவில் ஒட்டிவைத்திருக்கும் தோர்கில்ஸ்
எண்ணெயைப் பார்த்துச் சொல் ஸ்வாலா என்றார்,
பில் புத்தகத்தை முன்கூட்டியே திறந்தபடி.

முன்சக்கரத்தைக் கழற்றினேன்.
ஃபோர்க்கின் வலது காலை மூடி திருகிக் கவிழ்த்தேன்:
கறுக்கத் தொடங்கிய தேன்.
வயதான எண்ணெய், வேறு குற்றமில்லை.
விரலிடுக்கில் வழுக்கியது, நெருடவில்லை.

இடது கால்
முதலில் வாய் திறக்கவில்லை.
உள்தண்டை ஏற்றி இறக்க
விக்கி விக்கி வந்தது
பால் விட்ட காபி.

தகட்டைச் சூடாக்கி ஒரு சொட்டு விட்டேன்.
கடுகாய் வெடித்தது.
தண்ணீர்தான்.
ஆனால் எந்தத் தண்ணீர்?
மழையும் தண்ணீர். பெட்ரோல் பங்கில்
குழாயைக் கிட்டே வைத்துப் பீய்ச்சினால்
அதுவும் தண்ணீர்.
ஹெர்ரிங் ஊறுகாய் தீர்ந்த பாட்டிலில் ஊற்றி
ஜன்னலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் பாட்டிலுக்குள் மூன்று மாடி.
மேலே எண்ணெய், நடுவே கலங்கல்,
அடியில் நகக்கனத்துக்குச் சாம்பல் நிறம்.
காந்தம் கொண்டுபோனேன், அசையவில்லை.
வெளிச்சத்தில் சாய்த்தேன், மினுங்கவில்லை.
இரும்பில்லை. தேய்ந்த புஷ்ஷும் இல்லை.
பனியாறு பாறையை உட்கார்ந்து அரைத்த மாவு.
ஊற்றிலிருந்து வரும் தெளிந்த ஓடைகளில்
இது இருக்காது.
கிழக்கே, பாலமில்லாத அந்த ஒன்றில்
வெயிற்காலம் முழுக்க ஓடும்.

யெர்னெய் குனிந்து பார்த்தார்.
அவருக்குக் கிரான் ஊரில் ரொட்டிக்கடை.
அடியிலிருந்து குச்சியில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன்,
இரண்டு விரலால் தேய்த்தார்.
என் மில்காரன் இவ்வளவு நைசாக அரைத்ததில்லை,
என்றவர் சட்டென்று குரல் தாழ்த்தி,
அருவிக்கிட்டே நிறுத்துமிடத்தில்
ஒரு குட்டை இருந்தது, கணுக்கால் அளவு,
அதுவாக இருக்குமோ?
கை அதற்குள் பர்ஸைத் தொட்டுவிட்டது.
தோர்கில்ஸின் பேனாவும் காகிதத்தைத் தொட்டுவிட்டது.

ஸ்பிரிங்கை அப்போதுதான் உருவினேன்.

கீழ்ச்சுற்று ஏழிலும் துரு.
மேலாகப் பூத்த செம்மை இல்லை,
நகத்தால் நெம்பினால் செதிலாக உதிர்வது.
எண்ணெயில் ஊறிய இரும்பு
நாலு நாளில் இப்படி அவசரப்படாது.

நாலு நாளுக்கு முன்னால் வண்டி யாரிடம்?
பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.
மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிறு,
சோதனை ஓட்டம் என்று என் கையெழுத்து.
தொட்டி நனையுமளவு நீர், நடுவில் ஒரு உருண்டைக் கல்,
என்ஜின் இருமியபோது நான் கத்திய கத்தல்,
அக்கரையில் ஒருத்தரும் இல்லாத பெருமை.
திரும்பி வந்து என்ஜின் ஆயில் மாற்றினேன்,
ஃபில்டர் மாற்றினேன், இரண்டு தடவை கழுவினேன்.
இடது சீலின் உதட்டைக் கட்டைவிரலால் துடைத்துப்
பார்க்கவும் பார்த்தேன்.
வெட்டு ஏதும் தட்டுப்படவில்லை.
தட்டுப்பட வேண்டாம் என்றிருந்தது.

என்ன எழுத? என்றார் தோர்கில்ஸ்.

பாட்டிலை எடுத்தேன், கை நடுங்கியதில்
மூன்று மாடியும் இடிந்து மறுபடி காபி.
துருவுக்கு மூன்று வாரமாவது ஆகியிருக்கும் என்றேன்,
எங்கள் மொழியில், தரையைப் பார்த்து.
அவருக்குக் கணக்கு வரும்.
பதிவேட்டுத் தாள்கள் பின்னோக்கிப் புரண்டன,
ஒரு இடத்தில் நின்றன.

ஒன்றும் புரியாமல் கார்டை நீட்டியபடியே நின்றார் யெர்னெய்.
உள்ளே வையுங்கள் என்று சைகை காட்டினேன்.
வைத்துவிட்டு, விரலில் மிச்சமிருந்ததைக் காட்டி,
இது எங்கே இருக்கிறது என்றார்.
சொன்னேன்.
பஸ்ஸில் போங்கள் என்றேன்,
உயரமான டயர் போட்ட பஸ்.

சீல் பெட்டியைத் தேடி அலமாரிக்குப் போனேன்.
பின்னால் தோர்கில்ஸ்
என் பெயரை எழுதுவது கேட்டது,
கார்பன் தாளில் மூன்று பிரதிக்கும் படியுமாறு
அழுத்தி.